மே மாதமா, ஆடியா? சேலம் பக்கம் திருவிழா பார்க்க எப்போது வருவது

வெளியூரில் குடியேறிவிட்ட சேலத்துக்காரர்கள் வருடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. "பிள்ளைகளுக்கு நம்ம ஊர்த் திருவிழா ஒன்றாவது காட்டணும். லீவு ரெண்டு மூணு நாள்தான். ஏற்காடு கோடை விழாவுக்கு வரலாமா, ஆடிக்கு வரலாமா?" சிலர் கூடவே மேட்டூர் ஆடிப்பெருக்கையும் சேர்த்துக் கேட்பார்கள். மலைமேல் சொந்தபந்தம் உள்ளவர்கள் சேர்வராயன் கோயில் திருவிழாவைப் பற்றி விசாரிப்பார்கள். கூத்துப் பார்க்கணும் என்று கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். கேட்காவிட்டாலும் அதையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள்தான் இருக்கிறது, நம் ஊர் மனிதர்களைப் பார்க்க வேண்டும் என்றால் ஆடிக்கு வாருங்கள், சேலம் டவுனிலேயே தங்குங்கள். ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது. கூட்டத்தைக் கண்டால் மூச்சு முட்டுகிறவர்களை ஆடித் திருவிழா வாரத்தில் குகை (சேலம் டவுனில் ஒரு பேட்டை) பக்கம் கூட்டிப்போனால் பாவம் உங்களைத்தான் சேரும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, அங்கே நடப்பதை யார், யாருக்காகச் செய்கிறார்கள் என்பது. அரசுத் துறைகள் சேர்ந்து சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்துவது ஒரு வகை. ஊர்க்காரர்கள் நேர்ந்துகொண்டு தங்கள் சாமிக்காகச் செய்ய, நாம் ஓரமாக நின்று பார்ப்பது இன்னொரு வகை. முன்னதில் நமக்கென்று நாற்காலி போட்டிருப்பார்கள். பின்னதில் நமக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், ஆனால் பார்க்கிற விஷயத்துக்கு உயிர் இருக்கும்.

அடுத்தது தேதி. ரயில் டிக்கெட்டை அறுபது நாள் முன்னால் எடுக்க வேண்டியவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. ஆடி 1, ஆடி 18 இரண்டும் காலண்டர் வாங்கிய அன்றே தெரிந்துவிடும். கோடை விழா தேதியை மே மாதம் நெருங்கும்போதுதான் அறிவிப்பார்கள். கிராமத்துக் கூத்தோ, ஊர் கூடிப் பேசி முடித்த பிறகுதான் உறுதியாகும்.

அப்புறம் சாப்பாடு. திருவிழாவுக்கு என்றே உள்ள தின்பண்டம் கிடைக்குமா, எங்கேயும் கிடைக்கிற பானிபூரியும் பஞ்சுமிட்டாயும்தானா? கூட வரும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உட்கார இடம், கழிப்பறை, சீக்கிரம் வெளியேற வழி இருக்கிறதா? கடைசியாக, கணக்குப் போடும்போது விட்டுப்போகிற செலவுகள். ஒரே பார்வையில் இப்படி வரும்:

| | கோடை விழா | சேர்வராயன் கோயில் | சேலம் ஆடித் திருவிழா | மேட்டூர் ஆடி 18 | கிராமத்துக் கூத்து |
|---|---|---|---|---|---|
| எப்போது | மே கடைசி வாக்கில் | மே | ஜூலை நடு – ஆகஸ்ட் நடு | ஆகஸ்ட் 2 அல்லது 3 | கோடைத் திருவிழாக் காலம் |
| தேதி தெரிவது | தாமதமாக | ஊரில் கேட்டால் | ஓரளவு முன்னதாக | வருடத் தொடக்கத்திலேயே | கடைசி நேரத்தில் |
| பார்க்க | பூ, போட்டிகள், மேடைக் கலை | தேர், மலைச் சந்தை | பொங்கல், அலகு, வண்டி வேடிக்கை | ஆறு, சாமி ஆயுதங்கள் | விடியவிடியக் கூத்து |
| சாப்பாடு | சுமார் | சுமார் | பிரமாதம் | மீன் | டீயும் சுண்டலும் |
| பெரிய செலவு | தங்குமிடம் | வண்டி | ஆட்டோ, பொறுமை | போக்குவரத்து நெரிசல் | தூக்கம் |

## ஏற்காடு கோடை விழா

2025-இல் நடந்தது 48-ஆவது கோடை விழா. கொரோனா ஆண்டுகளில் நின்றுபோய் 2022-இல் மறுபடி தொடங்கியது. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சிதான் மையம். கார்னேஷன், ஜெர்பரா, ரோஜா என்று லட்சக்கணக்கில் பூவைக் குத்தி யானை, கோபுரம், குழந்தைகளுக்குத் தெரிந்த கார்ட்டூன் உருவங்கள் எல்லாம் செய்து வைப்பார்கள். படகுப் போட்டி உண்டு, நாய்க் கண்காட்சி உண்டு, கோலப் போட்டி, சமையல் போட்டி உண்டு. எனக்குப் பிடித்தது கொழு கொழு குழந்தைகள் போட்டி. எடை பார்க்கும் மேசைமேல் ஏற மாட்டேன் என்று ஒரு குழந்தை அலற, அதைப் பார்த்து வரிசையில் நிற்கும் மற்ற குழந்தைகளும் அலற, அம்மாக்கள் பவுடர் கலையாமல் சமாதானம் செய்வது தனி நிகழ்ச்சி.

மாலையில் மேடையில் கரகாட்டம், பறையாட்டம் போன்றவை நடக்கும். ஆடுகிறவர்கள் நல்ல கலைஞர்கள்தான். ஆனால் வரவேற்புரை, நினைவுப் பரிசு, அடுத்த குழு காத்திருக்கிறது என்ற அவசரம் இவற்றுக்கு நடுவில், சூடு பிடிக்கிற நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். உள்ளூர்க் கலையைக் காட்டத்தான் பிள்ளைகளைக் கூட்டி வருகிறீர்கள் என்றால், இந்த மேடையை மட்டும் நம்பி வராதீர்கள்.

பூ பார்க்க வருவதென்றால் முதல் இரண்டு நாளுக்குள் வந்துவிடுங்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாலும் குத்தி வைத்த பூ எத்தனை நாள் தாங்கும்? கடைசி நாளில் யானையின் காது பழுப்பேறித் தொங்கும். மே மாதத்தில் மலையில் பிற்பகல் மழை சகஜம். அதனால் காலையில் பூங்கா, மத்தியானம் ஓய்வு என்று வைத்துக்கொள்வது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இங்கேதான் அதிகம். அந்த வாரத்தில் அறை வாடகை ஏகத்துக்கும் ஏறிவிடும். சில விடுதிகளில் இரண்டு இரவுக்குக் குறைந்து தரமாட்டோம் என்பார்கள். ஏரிப் பார்வை என்று சொல்லி எனக்கு ஒருமுறை கொடுத்த அறையிலிருந்து ஏரியைப் பார்க்க வேண்டுமானால் குளியலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அறையின் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் அனுப்புங்கள்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகளுக்கு வாந்தி வரும், பிளாஸ்டிக் பையும் எலுமிச்சையும் கையில் இருக்கட்டும். கூட்டம் அதிகமான நாட்களில் போக்குவரத்தை ஒருவழியாக்கி, அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்குவார்கள். குப்பனூர் வழி அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுபோய் விடும். ரயிலைப் பிடிக்க ஜங்ஷனுக்குப் போக வேண்டியவர்கள் டவுனைக் கடந்து மறுபக்கம் வர வேண்டும். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்காதவர்கள் ரயிலை விட்ட கதைகள் நிறைய உண்டு.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, வேகவைத்த சோளம், பிரெட் ஆம்லெட். குளிருக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஏற்காட்டுக்கே உரியது என்றால் காப்பித்தூளும் மிளகும்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார் என்பது பழைய கதை, ஆனால் இன்றும் மலையின் பிழைப்பு பெரும்பாலும் அதில்தான். காப்பிப் பழம் பறிப்பது மார்கழி வாக்கில், மே மாதத்தில் செடி பச்சையாகத்தான் நிற்கும். அந்த மாதத்தில் நாக்குக்கு உண்மையான விருந்து மலையடிவாரத்தில் இருக்கிறது. மாம்பழ சீசன். வரகம்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து மல்கோவா, இமாம்பசந்து, செந்தூரா, நடுசாலை என்று வந்து குவியும். ஏற்காட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு ஒரு பெட்டி மாம்பழத்தோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு விழா ஏமாற்றினாலும் பயணம் ஏமாற்றாது.

ஒரு சாதகத்தையும் சொல்ல வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏற்காடு அந்த உத்தரவில் இல்லை. நினைத்தவுடன் கிளம்பிவிடலாம். எல்லோரும் அப்படியே நினைத்துக் கிளம்புவதால்தான் இவ்வளவு நெரிசல் என்பது வேறு விஷயம்.

யாருக்கு ஏற்றது: சிறு குழந்தைகள் உள்ள குடும்பம், வெயில் தாங்காத பெரியவர்கள், பள்ளி விடுமுறையை விட்டால் வேறு நேரம் கிடைக்காதவர்கள்.

## சேர்வராயன் கோயில் திருவிழா

இதுவும் மே மாதம்தான். ஏற்காடு ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் மேலே போனால் சேர்வராயன் மலை உச்சி, 5,326 அடி. உச்சி என்று சொல்கிறோமே தவிர, மேலே ஏறிப் பார்த்தால் கிரிக்கெட் ஆடலாம் போலப் பரந்த சமவெளி. குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஈரமும் இருட்டும் விளக்கெண்ணெய் வாசமுமாக இருக்கும். இந்தக் குகை காவிரி பிறக்கிற இடம்வரை போகிறது என்று மலைமக்கள் சொல்வார்கள்.

இந்தத் திருவிழா மலையாளி மக்களுடையது. கேரளத்து மலையாளிகள் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள், இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து, பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. மலைக் கிராமங்கள் முழுவதும் திருவிழாவுக்கு மேலே ஏறிவிடும். தேர் ஓடும். சமவெளியெங்கும் வளையல் கடை, பொம்மைக் கடை, பாத்திரக் கடை போட்டிருப்பார்கள். வருடம் முழுக்கத் தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் கைநிறைய வளையல் அடுக்கிக்கொண்டு, ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டுப் பார்த்தபடி, கடைக்காரரோடு விலைபேசும் அந்தக் கூட்டத்தில் நிற்பதே ஒரு அனுபவம்.

கோடை விழாவோடு ஒப்பிட்டால் இங்கே உங்களுக்காக எதுவும் ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள். நிழல் குறைவு, கழிப்பறை வசதியை எதிர்பார்க்க வேண்டாம், குடிநீரைக் கையோடு கொண்டு போங்கள். சாமி கும்பிடுகிறவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமல் இருந்தால் நன்றாகப் பேசுவார்கள், சாப்பிடக்கூடச் சொல்வார்கள். மேலே போக வாடகை வண்டி வேண்டும். திரும்ப வருவதற்கும் அதே வண்டியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தேர் பார்த்து முடிந்ததும் மலையிறங்க ஆள்பிடிக்க வேண்டியிருக்கும்.

தேதியை ஏற்காட்டில் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்வதுதான் வழி. கோடை விழாவும் இதுவும் ஒரே பயணத்தில் அமைந்தால் அதிர்ஷ்டம். ஒன்றுதான் முடியும் என்றால், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

## சேலம் ஆடித் திருவிழா

ஆடி பிறந்த அன்றே சேலத்தில் தெருவெல்லாம் புகை. தேங்காய் சுடும் நாள். காவிரிக் கரையை ஒட்டிய கொங்குப் பகுதிகளைத் தாண்டினால் இதைப் பார்க்க முடியாது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். தேங்காயின் நாரைச் சுத்தமாகச் சுரண்டி, ஓட்டைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, பொட்டுக்கடலை, பச்சைப்பயறு, எள், அவல், வெல்லம் எல்லாவற்றையும் அந்த ஓட்டை வழியாக உள்ளே தள்ள வேண்டும். அது பிள்ளைகளின் வேலை. பாதி உள்ளே போகும், பாதி வாய்க்குள் போகும். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, சீவிய அழிஞ்சிக் குச்சியைக் கண்ணில் செருகி, மஞ்சள் பூசி, தெருமுனையில் மூட்டிய நெருப்பில் காட்டுவார்கள். ஓடு கருகி 'டப்' என்று வெடிக்கிற சத்தம் கேட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால் உள்ளே வெல்லம் ஊறிய பயறும், புகைவாசம் ஏறிய பருப்பும். பாரதப் போர் ஆடி 1-இல் தொடங்கி ஆடி 18-இல் முடிந்தது, போர் தொடங்கும் முன் நடந்த பூசையின் நினைவுதான் இது என்று பாட்டிகள் சொல்வார்கள். செலவு ஒரு தேங்காய். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சேலத்தின் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு மாரியம்மன் உண்டு. அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை, அன்னதானப்பட்டி என்று பல அம்மன்கள். திருமணிமுத்தாற்றுக் கரையில் இருக்கும் கோட்டை மாரியம்மன் எல்லாருக்கும் பெரியவள். பல வருடம் திருப்பணி நடந்து 2023 அக்டோபரில் அங்கே குடமுழுக்கு ஆனது. ஆடியில் பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, சக்தி கரகம் என்று வரிசையாக வந்து, ஒரு புதன்கிழமை பொங்கல், மாவிளக்கு. அந்தப் புதன் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறையாக அறிவிக்கப்படுவது வழக்கம். சமீப ஆண்டுகளில் அது ஆகஸ்ட் முதல் பத்து நாட்களுக்குள்ளேயே வந்துகொண்டிருக்கிறது. அன்று அதிகாலையிலிருந்து வேப்பிலையும் மஞ்சளும் ஈரப்புடவையுமாக ஊரே நடந்துகொண்டிருக்கும். உருளுதண்டம் போடுகிறவர்களும் அலகு குத்தியவர்களும் வருவார்கள். சின்னப் பிள்ளைகள் அலகைப் பார்த்து மிரளலாம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இந்தப் பொங்கலை ஒட்டிய இரவுகளில்தான் வண்டி வேடிக்கை. குகையில் நடப்பதுதான் பேர்பெற்றது, அம்மாப்பேட்டையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் சாமி வேடம் போட்டு, ஜோடித்த வண்டியில் ஏறி வீதியுலா வருவார்கள். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி, இப்போது லாரியும் டிராக்டரும். ஒரு வண்டியில் கைலாயம், இன்னொன்றில் பாற்கடல், அடுத்ததில் மீனாட்சி கல்யாணம். சுற்றிச் சுழலும் சக்கரங்கள், கண்ணைப் பறிக்கும் சீரியல் பல்பு, முன்னால் மேளம், பின்னால் ஜெனரேட்டரின் உறுமல். எந்த வண்டி நன்றாக இருக்கிறது என்று பரிசும் கொடுப்பார்கள். அதனால் பேட்டைக்குப் பேட்டை, குழுவுக்குக் குழு போட்டி பலமாக இருக்கும்.

வண்டி நிற்கும் நேரத்தில் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எட்டு வயது முருகன் நீல வர்ணம் வியர்வையில் வழிய, மயில்மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பான். கீழே நிற்கும் அவன் அம்மா, கிரீடம் நகராதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்ட்ரா போட்ட மாம்பழ ஜூஸை நீட்டுவாள். அவன் கையில் பிடித்த வேலாயுதத்தை விடாமலே குடிப்பான். அந்தப் பக்கம் பரமசிவன் செல்போனில் "எங்க இருக்கீங்க, நாங்க முக்குக்கிட்ட வந்துட்டோம்" என்று பேசிக்கொண்டிருப்பார். மறுபடி மேளம் தொடங்கியதும் எல்லோரும் தெய்வங்களாகிவிடுவார்கள். எந்த அரசு மேடையிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

சாப்பாட்டில் ஆடிக்குப் போட்டியே கிடையாது. கோயிலில் கூழ், வீட்டில் துள்ளுமாவும் மாவிளக்கும். சொந்தக்காரர் வீடு இருந்தால் கறிச்சோறு. தெருவில் தட்டுவடை செட். இது சேலத்துப் பண்டம். சின்னத் தட்டுவடை ஒன்றின் மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுப்பார்கள். கைவேகம் அப்படி இருக்கும், நீங்கள் முதலாவதை வாயில் போடும் முன் ஆறும் தட்டில் வந்துவிடும். கடிக்க முடியாத பெரியவர்களுக்கு நொறுக்கல் வாங்கிக் கொடுங்கள், எல்லாவற்றையும் நொறுக்கிக் கலந்து கிண்ணத்தில் கொடுப்பார்கள். முறுக்கு செட், பூண்டு செட், முட்டை நொறுக்கல் என்று பிள்ளைகளே மீதியைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இனி தொந்தரவுகள். வண்டி வேடிக்கை இரவில் குகை வட்டாரத்தில் எந்த வண்டியும் நுழைய முடியாது. ஆட்டோக்காரர் கேட்பதுதான் விலை, அதுவும் ஒரு கிலோமீட்டர் முன்பே இறக்கிவிடுவார். கூட்டத்தில் செயின், செல்போன் பத்திரம். ஆகஸ்டில் சாயங்கால இடிமழை சேலத்தில் வழக்கம். குடை விரித்தால் பின்னால் நிற்பவர்களின் ஏச்சு கிடைக்கும், மழைக்கோட்டு நல்லது. எல்லாவற்றையும்விட, நின்றுகொண்டே இருக்க வேண்டும். முட்டிவலி உள்ளவர்களுக்காக ஊர்வலம் போகும் தெருவில் யாராவது தெரிந்தவர் வீட்டு மாடி கிடைக்குமா என்று ஒரு மாதம் முன்பே கேட்டு வையுங்கள். சேலத்தில் யாரையாவது தெரியாத ஆள் உண்டா? பங்காளியின் மச்சானுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா வீடு கட்டாயம் குகையில் இருக்கும். போகும்போது பழமும் பலகாரமும் வாங்கிப் போக மறக்காதீர்கள், அது மாடி வாடகை.

விடுதிச் செலவு ஏற்காட்டில் ஆவதைவிட டவுனில் குறைவு. விழாவுக்கென்று வாடகையை அவ்வளவாக ஏற்ற மாட்டார்கள், வருகிறவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்குகிறார்கள்.

## மேட்டூர் ஆடிப்பெருக்கு

சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். 1934-இல் கட்டி முடித்த அணை, அதன் பக்கத்தில் முனியப்பன் கோயில், பூங்கா, வறுத்த மீன் கடைகள். புதுமணத் தம்பதிகள் வந்து மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வது, காப்பரிசி படைப்பது எல்லாம் காவிரிக்கரை முழுக்க உள்ளதுதான். மேட்டூரில் தனியாகப் பார்க்க வேண்டியது, சேலம், தருமபுரிக் கிராமங்களிலிருந்து சாமியின் வேல், கத்தி, சூலம் எல்லாவற்றையும் மேளதாளத்தோடு கொண்டுவந்து ஆற்றில் கழுவிப் பூசை போட்டு எடுத்துப்போவது. காலை எட்டு மணிக்குள் வந்தால்தான் நிதானமாகப் பார்க்கலாம். பிற்பகலில் ஊர் முழுக்க வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

இதில் உள்ள ஒரே சிக்கல் ஆறுதான். 2024-இல் ஜூலை கடைசியில் அணை 120 அடியைத் தொட்டு, ஆடிப்பெருக்கு சமயத்தில் லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் ஆற்றில் குளிப்பதை மறந்துவிட வேண்டியதுதான். தண்ணீர் இல்லாத வருடத்தில் குளிப்பதற்காகப் போட்டிருக்கும் ஷவருக்கு அடியில் வரிசை. நடுத்தரமாகத் தண்ணீர் வருகிற வருடம் அமைய உங்களுக்கு யோகம் வேண்டும். இதற்கென்றே தனியாக ஊரிலிருந்து கிளம்பி வர வேண்டாம். ஆடி 18-க்கும் கோட்டை மாரியம்மன் பொங்கலுக்கும் சில நாள்தான் இடைவெளி வரும். ஐந்து நாள் லீவு கிடைத்தால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

## கிராமத்துக் கூத்து

மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, தாரமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் கோடைத் திருவிழாக்களில் இன்றும் கூத்து நடக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல்தான் களை கட்டும், முடியும்போது பொழுது விடிந்திருக்கும். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னாலிருந்து முதலில் சலங்கைச் சத்தம் மட்டும் வரும். பிறகு திரைக்கு மேல் கிரீடத்தின் நுனி. பாட்டு ஏற ஏற, திரை விலகும்போது தோளில் கட்டையும் முகத்தில் அரிதாரமுமாக ஒரு கர்ணன் நிற்பான். முகவீணையும் மிருதங்கமும் ஹார்மோனியமும் சேர்ந்து அடிக்கிற அந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளும் எழுந்து உட்காரும். கட்டியங்காரன் வந்து ஊர்த் தலைவரிலிருந்து கரண்ட்டுக்காரர்வரை எல்லோரையும் கிண்டலடிப்பான். கலை என்ற ஒன்றை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் மேலே சொன்ன நான்கும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் தேதி கடைசியில்தான் தெரியும். பாயும் போர்வையும் கொசுவர்த்தியும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். விடிகாலை மூன்று மணிக்குப் பிள்ளை "போலாம்பா" என்றால் பேருந்து கிடையாது. சொந்த வண்டி, ராத்தூக்கம் விட்டாலும் மறுநாள் சமாளிக்கிற உடம்பு, உள்ளூரில் ஒரு ஆள், இந்த மூன்றும் இருந்தால் மட்டும் இறங்குங்கள். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் கலைஞர்களுக்குக் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வேடம் போட்டவருக்குப் பார்வையாளர் பணம் குத்துவது வழக்கம், மைக்கில் உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லிக் கூத்தாகவே வாழ்த்துவார்கள். தாரமங்கலம் பக்கம் கூத்து அமைந்தால், பகலில் கைலாசநாதர் கோயிலுக்குப் போய் வாலி, சுக்ரீவன் சிற்பத்தைக் காட்டுங்கள். ராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான், வாலி இருக்கும் இடத்திலிருந்து ராமன் தெரியமாட்டான். பிள்ளைகள் இரண்டு தூணுக்கும் ஓடி ஓடிப் பார்ப்பார்கள்.

## அப்போ எதற்கு டிக்கெட் போடுவது?

ஐந்து வயதுக்குள் குழந்தை, கூடவே எழுபது தாண்டிய தாத்தா பாட்டி என்றால் கோடை விழா, வாரநாளில், முதல் இரண்டு நாளுக்குள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். இரண்டாம் நாள் காலை மலையிறங்கி, மாம்பழம் வாங்கி, தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு ரயிலேறலாம்.

பள்ளி போகும் வயதுப் பிள்ளைகள், இந்தியப் பள்ளி விடுமுறை என்றால் மே மாதத்தை விட்டால் வழியில்லை. அப்போது கோடை விழாவின் தேதிக்காகக் காத்திருக்காமல், சேர்வராயன் கோயில் திருவிழாத் தேதியை விசாரித்து அதற்குத் திட்டமிடுங்கள்.

அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை. உங்களுக்கு யோசிக்கவே வேண்டாம், ஆடிதான். ஜூலை நடுவில் வந்தால் தேங்காய் சுடுதல், ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்தால் பொங்கலும் வண்டி வேடிக்கையும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பின்னது.

புதிதாகக் கல்யாணமானவர்களைப் பெரியவர்கள் எப்படியும் ஆடிப்பெருக்குக்கு அழைப்பார்கள், போய்விடுங்கள். கல்லூரிப் பிள்ளைகள், போட்டோ எடுக்கிறவர்கள், தனியாகச் சுற்றுகிறவர்கள் கூத்துக்குப் போங்கள்.

ஆடிக்கு என்று முடிவு செய்துவிட்டால், கோட்டை மாரியம்மன் பூச்சாட்டுத் தேதி தெரிந்ததும் அடுத்த புதன்கிழமைகளில் எது பொங்கல் என்று ஊரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். செவ்வாய் இரவு சேலம் வந்து சேர்ந்து, வெள்ளி இரவு அல்லது சனி காலை கிளம்புவது போல டிக்கெட் போட்டால், பொங்கலும் தவறாது, ஏதாவது ஒரு பேட்டையின் வண்டி வேடிக்கையும் தவறாது. குகைக்குப் போகிற அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே சாப்பிட்டுவிட்டு, செருப்பு அறுந்து போகாததாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.